சார்ஜ் என்று வந்தால் எந்த சார்ஜ்?

கோர்ட்டு வாசலில் மொழிபெயர்ப்பு வேலைக்கு உட்கார்ந்த புதிதில், ஒரு கடன் பத்திரத்தில் 'ஃபர்ஸ்ட் சார்ஜ் ஆன் தி ஹவுஸ்' என்று இருந்ததை 'வீட்டுக்கான முதல் கட்டணம்' என்று தட்டிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் படித்துவிட்டு, "ஏம்மா, வீட்டைச் சுத்திப் பாக்க டிக்கெட்டா?" என்றார். அந்தக் கடனுக்கு அந்த வீடுதான் முதலில் பதில் சொல்லணும் என்பது விஷயம். வில்லங்கம் பார்க்கிறவர்கள் தேடுவதே இதைத்தான்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கண்டால், அகராதியைத் திறக்கும் முன் 'சுமை' என்று போட்டுப் பார்த்துவிடுவேன். லத்தீனில் வண்டிக்குப் பெயர் கார்ருஸ். வண்டியில் பாரம் ஏற்றுவதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது சார்ஜ். கார்கோவும் அதே வண்டியில் வந்ததுதான். துப்பாக்கியில் மருந்து ஏற்றினாலும் சார்ஜ், பேட்டரியில் மின்சாரம் ஏற்றினாலும் சார்ஜ். நாமும் 'போன்ல சார்ஜ் ஏறல' என்றுதானே சொல்கிறோம்? இலங்கையில் அதை மின்னேற்றம் என்றே படிப்பார்கள். பழியைச் 'சுமத்து'கிறோம். பொறுப்பு என்பதிலேயே பொறுத்தல், பாரம் தாங்குதல், இருக்கிறது.

சுமை பிடிபட்டதும் பின்னால் நிற்கும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். 'ஃபார்' என்றால் அநேகமாகக் காசு. 'வித்' என்றால் குற்றம் சுமத்துவது, இல்லையேல் பொறுப்பை ஒப்படைப்பது. 'அட்' என்றால் முட்ட வரும் மாடு.

என்னை அதிகம் படுத்தியது ஒரு 'தி'. 'நர்ஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்ட்' என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். 'நர்ஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி சைல்ட்' என்று ஒரு 'தி' கூடிவிட்டால், குழந்தை நர்ஸைப் பார்த்துக்கொள்கிறது!

கோர்ட்டுக் காகிதமானால் இன்னும் நிதானம் வேண்டும். போலீஸ் தாக்கல் செய்கிற சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை. நீதிபதி சார்ஜ் ஃப்ரேம் செய்வது, குற்றச்சாட்டு வனைதல். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்றால் வீட்டுக்கு அனுப்புவது. கிரிமினல் கேஸில், சாட்சி விசாரணைக்குப் போகாமலே விடுவிப்பது. விசாரணை முடிந்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று விட்டால் அது அக்விட்டல், விடுதலை. 'விடுவிப்பு' இருக்கவேண்டிய இடத்தில் 'விடுதலை' விழுந்தால் கேஸின் கதையே மாறிப்போகும்.

லத்தி சார்ஜில் மட்டும் எனக்குக் கவலையே இருந்ததில்லை. தடியடி என்று பத்திரிகைக்காரர்கள் எப்போதோ முடித்துவைத்துவிட்டார்கள்.