இலவச இணையப் படிப்பு: சறுக்கும் இடங்கள்

2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து இணையத்தில் இலவசமாக நடத்தப்பட்ட செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். பாடத்தில் குறையில்லை. பெயர் கொடுக்கக் காசில்லை என்றால் எல்லாரும் கொடுப்போம், விலகினாலும் கேட்க ஆளில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து பாடங்களில் சேர்வது இதனால்தான். ஒன்று போதும்.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க முன்னோட்டக் காணொளியை நம்பாதீர்கள், அது விளம்பரம். முடிந்தால் மூன்றாம் வாரப் பயிற்சித் தாளைத் திறந்து பாருங்கள். கேள்வியே புரியவில்லையென்றால் அதற்கு முந்தைய நிலைப் பாடத்தில் தொடங்குங்கள். 'வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம்' என்று போட்டிருக்கும் கணக்கு, முன்னறிவு உள்ளவருக்கானது. புதியவர் 8 மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பார்ப்பதையே படிப்பதாக நினைப்பது. ஆசிரியர் கணக்கைப் போட்டுக் காட்டும்போது எல்லாம் விளங்கிவிடும். தாளை எடுத்து நாமே போட்டால் இரண்டாவது வரியில் கை நிற்கும். கேள்வி திரையில் வந்ததும் காணொளியை நிறுத்திவிட்டு, பத்து நிமிடமாவது தனியாக முட்டி மோதுங்கள். எங்கே தடுக்கியது என்று குறித்துக்கொண்டு, பிறகு ஓட விடுங்கள். பாடம் முடிந்ததும் வெற்றுத் தாளில் நினைவிலிருந்து ஐந்தாறு வரி எழுதுங்கள். மறுநாள் இன்னொரு முறை. ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து மிச்சம் பிடித்த நேரத்தை இதற்குச் செலவிட்டால் சரி, அடுத்த காணொளிக்குத் தாவினால் வீண்.

'இலவசம்' என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகிக்கலாம். கோர்செரா, எட்எக்ஸ் போன்ற தளங்களில் சில பாடங்களை முழுமையாகவோ பகுதியாகவோ காசில்லாமல் பார்க்கலாம். மதிப்பெண் போடும் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் பெரும்பாலும் கட்டணம் உண்டு. பாடத்துக்குப் பாடம் விதி மாறும், எந்தத் தேதிக்குப் பின் பாடத்தைப் பூட்டுவார்கள் என்பதைச் சேரும் அன்றே பாருங்கள். 2001இல் அறிவிக்கப்பட்ட எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேர், அதாவது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களைத் திறந்து வைத்திருக்கும் தளம், வேறு வகை: பதிவு வேண்டாம், கெடு இல்லை, சான்றிதழும் கிடையாது. வேலைக்குக் காட்டத் தாள் வேண்டுமென்றால் அங்கே போய்ப் பயனில்லை.

ஆசிரியர்கள் செய்யும் தவறு ஒன்று தனியாக இருக்கிறது. காசில்லாமல் பார்க்க முடிகிற எல்லாம் 'திறந்த கல்வி வளம்', அதாவது பிறரும் எடுத்தாள அனுமதியுள்ள பாடம், ஆகிவிடாது. எடுத்தாளும் உரிமையை உரிமக் குறிப்புதான் சொல்லும். ஆக்கியோர் தம் படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'என்டி' (ND, மாற்றியமைக்கக் கூடாது) இருந்தால் அப்பாடத்தை மொழிபெயர்த்து வெளியிடக் கூடாது. 'என்சி' (NC) என்றால் வணிகப் பயன்பாடு ஆகாது. 'எஸ்ஏ' (SA) என்றால் நீங்கள் மாற்றியமைத்ததையும் அதே உரிமத்தில் தர வேண்டும். எம்ஐடி பாடங்களில் 'என்சி', 'எஸ்ஏ' இரண்டும் உண்டு, 'என்டி' இல்லை. ஆகவே தலைப்பு, ஆக்கியோர், இணைப்பு, உரிமம் நான்கையும் குறிப்பிட்டு, செய்த மாற்றத்தையும் சொல்லி, அதே உரிமத்தில் இலவசமாகத் தமிழில் தரலாம். ஆனால் குறிப்புகளுக்குள் இருக்கும் படங்கள் சில வேறொருவருடையவை. அவற்றுக்கு இந்த உரிமம் செல்லாது. படத்தின் கீழே உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.