யாரும் கவனிக்காத தெருவின் வரலாற்றைத் தோண்டுவது எப்படி?

கோட்டைக்கும் அரண்மனைக்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பின்னால் நெளிந்து கிடக்கும் சந்துக்கு ஒருவரும் இல்லை. அதன் கதையை நாமே தேடி எடுப்பதற்கான வழி இது. போனில் மேப் பார்க்கவும் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒரு தெருவைப் பிடியுங்கள்

பேட்டை முழுவதையும் எடுத்துக்கொண்டால் எதுவும் முடியாது. மேப்பில் நேர்கோட்டுத் தெருக்களுக்கு நடுவே காரணமே இல்லாமல் ஒன்று மட்டும் வளைகிறதா? அதை எடுங்கள். மூடப்பட்ட ஓடை, இடிக்கப்பட்ட மதில், பழைய ஒற்றையடிப் பாதை என்று ஏதோ ஒன்று பெரும்பாலும் அந்த வளைவுக்குப் பின்னால் இருக்கும். நியூயார்க்கில் 1811 திட்டப்படி தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட்ட பிறகும் பிராட்வே மட்டும் சாய்ந்தே போகிறது. அதன் தொடக்கம் பழங்குடி மக்கள் நடந்த தடம். இத்தாலியின் லூக்கா நகரில் ஒரு சதுக்கம் முட்டை வடிவில் இருக்கும். ரோமானிய அரங்கம் ஒன்றின் சுவர்களை ஒட்டியே வீடுகள் எழும்பியதால் வந்த வடிவம் அது. அரங்கம் போய்விட்டது, வளைவு போகவில்லை.

படி 2: பழைய வரைபடம்

டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பிலும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். முதலில் இந்த இரண்டிலும் தேடுவேன். அமெரிக்க நகரம் என்றால் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள்தான் என் முதல் தேர்வு. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரம் மஞ்சள், கல் நீலம் என்று வீடு வீடாக நிறம் தீட்டியிருப்பார்கள். எதில் எடுத்தாலும் கிடைக்கும் பெரிய அளவுக் கோப்பையே இறக்குங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் கலங்கிப்போகும்.

படி 3: பழையதைப் புதியதன்மேல் பொருத்துவது

என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்திய படி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதற்குக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் போதும், இலவசம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. அடித்தளமாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை, அதாவது பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச இணைய மேப்பை, போடுங்கள். அப்புறம் கியூஜிஐஎஸ்ஸில் இருக்கும் ஜியோரெஃபரென்சர் என்ற கருவியில் பழைய வரைபடத்தைத் திறந்து, அதில் ஓர் இடத்தைச் சொடுக்கி, இன்றைய மேப்பில் அதே இடத்தைக் காட்ட வேண்டும். இப்படி எட்டுப் பத்துப் புள்ளிகள்.

எந்தப் புள்ளி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பழைய வழிபாட்டுத் தலத்தின் மூலை, கல் பாலத்தின் முனை, ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடம் இவையெல்லாம் சுலபத்தில் நகராது. ஆற்றங்கரை நகரும், குளக்கரை சுருங்கும். தெருமுனையும் பார்ப்பதற்குத்தான் உறுதி. சாலையை ஒரு பக்கம் மட்டும் அகலப்படுத்தியிருந்தால் அதன் நடுக்கோடே தள்ளிப் போயிருக்கும். புள்ளிகள் நான்கு பக்கமும் பரவியிருக்கட்டும். எல்லாம் ஒரே மூலையில் குவிந்தால் எதிர்மூலை எங்கோ பறந்துவிடும்.

உருமாற்ற வகையில் முதலில் பாலினாமியல் 1 தேர்ந்தெடுங்கள். வரைபடத்தை வளைக்காமல் ஒரே சீராக நகர்த்தி, சுழற்றி, நீட்டும் வகை அது. பட்டியலில் ஒவ்வொரு புள்ளிக்கும் பிழை அளவு தெரியும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு துருத்திக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். இடத்துக்கு இடம் வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்பிளைன் என்ற இன்னொரு வகை பார்ப்பதற்கு அழகாகப் பொருந்தும், ஆனால் நீங்கள் வைத்த புள்ளிகள் எல்லாவற்றிலும் வலுக்கட்டாயமாக ஒட்டவைத்துவிடும். தப்பான புள்ளியும் அதில் ஒளிந்துகொள்ளும். மடிப்பும் சுருக்கமும் விழுந்த காகிதத்துக்கு அது தேவைதான். புள்ளிகளைச் சரிபார்த்த பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: வரைபடம் ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் போய் விழுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். டிகிரியை மீட்டராக எடுத்துக்கொண்டால் எல்லாம் அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடும், அந்த இடம் அங்கேதான் இருக்கிறது. புள்ளிகள் எந்த ஆய முறையில் (இடத்தை எண்ணால் குறிக்கும் முறை) பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்திருந்தால் புள்ளிகளின் ஆய முறையையும் இலக்கு ஆய முறையையும் அந்த மேப் பயன்படுத்தும் EPSG:3857 என்றே வைத்தால் தொல்லை இல்லை.

படி 4: நடங்கள்

பழைய அடுக்கைப் பாதி ஒளிபுகும்படி வைத்து, அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். வெயிலில் போன் திரையை உற்றுப் பார்ப்பதைவிடக் காகிதம் மேல், அதில் குறிப்பும் கிறுக்கலாம்.

கண்ணைத் தரையோரம் ஓட்டுங்கள். வாசலிலிருந்து கீழே படியிறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும் என்றால், மேலே மேலே தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கலாம், வீடு அதற்கு முன்பே வந்திருக்கலாம். இரண்டு வீடுகளுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு பிளவு ஓடினால், ஒன்றை ஒட்டி இன்னொன்றைப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் அளவு மாறுகிறதா என்றும் பாருங்கள்.

கதவு எண்கள் வரிசை தவறிக் குதித்தால் இடையில் ஏதோ இடிந்திருக்கலாம், இரண்டு மனைகள் ஒன்றாகியிருக்கலாம். எண்ணுக்கும் நகரத்துக்கு நகரம் ஒரு விதி உண்டு. பாரிஸில் 1805 முதல் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். சேன் ஆற்றை நோக்கிப் போகும் தெருக்களில் எண் ஆற்றங்கரையிலிருந்து தொடங்கும்.

படி 5: பெயரும் பெரியவர்களும்

பெயர்ப்பலகையைக் கடைசியில்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. சில பெயர்கள் உண்மை சொல்லும். நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட், 1653இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய தடுப்புச் சுவரின் நினைவு. சென்னை வால்டாக்ஸ் ரோடு, நகர மதிலுக்காக வரி போட நினைத்ததன் மிச்சம். ஆனால் பெயரை ஒரே ஆணையில் மாற்றிவிடலாம், வளைவை நிமிர்த்த வீடுகளை இடிக்க வேண்டும். எனவே பெயரும் வடிவமும் முரண்பட்டால் நான் வடிவத்தின் பக்கம்.

அங்கே வெகுநாளாகக் குடியிருப்பவர்களிடம் பேசும்போது "இந்தத் தெருவோட வரலாறு என்ன?" என்று ஆரம்பிக்காதீர்கள், பிரசங்கம்தான் கிடைக்கும். "ஐயா, மழை பெஞ்சா முதல்ல எங்கே தண்ணி நிக்கும்?" என்று கேளுங்கள். மூடிய ஓடை பழைய வரைபடத்தில் போகும் வழியை அவர்கள் கையை நீட்டியே காட்டிவிடுவார்கள்.

படி 6: பதிவு செய்யுங்கள்

படங்களை இடக்குறிப்போடு விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படத் தளத்தில் ஏற்றலாம். ஆட்களின் முகம், வீட்டின் உட்புறம் வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருவின் பழைய பெயரைச் சேர்க்க ஓல்டு நேம் (old_name) என்று தனிக் குறிச்சொல்லே இருக்கிறது. ஒன்று மட்டும்: கூகுள் மேப்பைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எதையும் நிரப்பக் கூடாது, உரிமச் சிக்கல். பெயர்ப்பலகையில் நீங்களே பார்த்ததையும் காப்புரிமைக் காலம் முடிந்த வரைபடத்தில் இருப்பதையும் தாராளமாகச் சேர்க்கலாம்.