கிரீன்ஸ்டெட் ஆலயத்தின் வயது: கட்டட வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஓங்கர் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள கிரீன்ஸ்டெட் கிராமத்தின் புனித அந்திரேயா ஆலயம், பிளந்த ஓக் மரத்தண்டுகளை நெருக்கமாக நிறுத்தி எழுப்பிய சுவர்களுக்காகப் பெயர்பெற்றது. அளவில் சிறியதே ஆயினும், கிராமப் பங்கு ஆலயங்களின் வரலாற்றை எழுதுவோர் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு கட்டடத்திலேயே காணலாம்.

ஆலயம் முழுமைக்கும் ஒரே வயதைச் சொல்வதுதான் அவற்றுள் மிகப் பரவலான தவறு. இங்கே நடுக்கூடத்தின் மரச்சுவர்கள் ஏறத்தாழ 900 ஆண்டுப் பழமை உடையவை; திருப்பீடப் பகுதியோ 1500ஐ ஒட்டிய செங்கல் வேலை. மணிக்கூண்டிலுள்ள ஒரு மணியில் 1618 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அதைக் கொண்டு கூண்டின் வயதை முடிவுசெய்யக் கூடாது. கூண்டுக்கு முன்பே மணி இருந்திருக்கலாம், பின்னரும் வந்திருக்கலாம்.

அறிவியல் முறையில் கிடைத்த ஆண்டு என்பதற்காகவே அதை இறுதியானதாகக் கொள்வது இன்னும் நுட்பமான தவறு. 1960ஐ ஒட்டி, ஆண்டுக்கு ஒன்றாக வளரும் மரவளையங்களைக் கொண்டு இச்சுவர்களுக்கு 845 என்ற ஆண்டு கணிக்கப்பட்டு, அது பல நூல்களில் இடம்பெற்றது. 1990களில் மீண்டும் ஆராய்ந்தபோது, மரத்தில் எஞ்சியிருந்த கடைசி வளையமே 1053ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனத் தெரியவந்தது. அந்த 1053ஐயும் மரம் வெட்டிய ஆண்டாகக் கொள்ள முடியாது. ஓக் மரத்தின் வைரத்தை, அதாவது உறுதியான உட்பகுதியைச் சுற்றியுள்ள மென்மையான வெளிப்பகுதியான வெளிறுதான், தச்சர் செதுக்குவதாலும் பூச்சி அரிப்பதாலும் முதலில் அழிவது என்பதால், அவ்வாறு இழந்த வளையங்களுக்காக 10 முதல் 55 ஆண்டுகள் வரை கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே மரங்கள் வெட்டப்பட்ட காலம் 1063க்கும் 1108க்கும் இடைப்பட்டது. இத்தகைய கால வரம்பைச் சுருக்கி ஒற்றை ஆண்டாக எழுதுவது, வாசகருக்கு இல்லாத உறுதியைக் கொடுப்பதாகும்.

845 என்ற ஆண்டு பலருக்கு உவப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1013இல், 9ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட கிழக்கு ஆங்கிலிய மன்னர் புனித எட்மண்டின் உடலை லண்டனிலிருந்து அவருடைய கல்லறை இருந்த பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகருக்குத் திரும்பக் கொண்டுசென்றவர்கள் வழியில் இங்கே தங்கினர் என்பது இவ்வூர் மரபு. சுவர்கள் 845ஐச் சேர்ந்தவையானால், அந்த இரவைக் கண்ட சுவர்களே இன்றும் நிற்கின்றன என்று சொல்லிவிடலாம். புதிய கணிப்பின்படி அவ்வாறு சொல்ல இயலாது. அதற்காக மரபையே பொய் என்று தள்ளுவதும் பிழையே. ஏனெனில் 1960இல் நடந்த அகழாய்வில் திருப்பீடப் பகுதியின் தரைக்கடியில் முந்தைய மரக் கட்டடங்களின் தடயங்கள் கிடைத்தன. வழிபாட்டிடத்தின் வயது வேறு, இன்று நிற்கும் சுவரின் வயது வேறு என்பதை இங்கே கவனமாகப் பிரித்து எழுத வேண்டும். உலகின் மிகப் பழைய மரக் கட்டடம் இதுவே என்று சில வேளைகளில் எழுதப்படுவதும் தவறு. ஜப்பானின் நாரா பகுதியிலுள்ள ஹோரியூஜி கோயிலின் மரக் கட்டடங்கள் இதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை.

சுவரிலுள்ள சிறு துளையைத் தொழுநோயாளர் வெளியே நின்று வழிபாட்டைக் காண அமைத்த சாளரம் என்று கூறுவர். மனத்தைத் தொடும் விளக்கம்தான். ஆயினும் தீர்த்தத் தொட்டிக்கான இடமாக அது இருந்திருக்கலாம் என்ற கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பழுதுபார்ப்பின் வரலாற்றை ஒரு வரியில் கடந்துவிடுவதை நான் மிகுந்த வருத்தத்தோடு பார்க்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், தண்டுகளின் அடிப்பகுதி உளுத்துப்போயிருந்ததால், அவற்றை வெட்டிக் குறைத்துச் செங்கல் அடிச்சுவரின் மேல் நிறுத்தினர். ஆகவே இன்று தெரியும் மரத்தின் நீளத்தைக் கொண்டு பழைய சுவரின் உயரத்தை அறிய முடியாது. அந்த அடிச்சுவரைத் தொடக்கக் கால அமைப்பாக எண்ணுபவர், 19ஆம் நூற்றாண்டுக் கொத்தனாரின் வேலையை 11ஆம் நூற்றாண்டுத் தச்சரின் கணக்கில் எழுதிவிடுகிறார்.