ஒன்பதாம் வகுப்புக்கு பைத்தான்: முதல் ஐந்து சனிக்கிழமைகள்

எங்கள் ஊர்ப் பள்ளியில் சனிக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் பைத்தான் என்ற புரோகிராம் எழுதும் மொழியைச் சொல்லித் தருகிறேன், இது மூன்றாவது வருடம். முதல் வருடம் நான் போர்டில் எழுதினேன், பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள், அப்புறம் நோட்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் தட்டினார்கள். எல்லோருக்கும் புரோகிராம் ஓடியது, ஒருவருக்கும் எதுவும் புரியவில்லை. அந்த முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்போது செய்வதை இங்கே எழுதுகிறேன். புரோகிராம் வரிகளை வாய்விட்டுப் படிப்பது போலத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முன்னாடியே செய்ய வேண்டியது

பைத்தான் 3-ஐ இலவசமாக இறக்கி, முந்தின நாளே எல்லா மெஷினிலும் ஏற்றிவிடுங்கள். கூடவே ஐடில் என்ற எடிட்டரும் வரும், தொடங்குவதற்கு அது போதும். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர்: கீபோர்டைத் தொடுகிறவர் டிரைவர், அடுத்து என்ன என்று சொல்கிறவர் கண்டக்டர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இதில் கறாராக இல்லாவிட்டால் வீட்டில் லேப்டாப் இருக்கிற பிள்ளை மட்டும்தான் ஐந்து வாரமும் டிரைவர்.

முதல் சனிக்கிழமை: கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது

வகுப்பில் ஒரு பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடுத்து 'நீதான் ஆமை' என்று சொல்லுங்கள். ஆமைக்கு 'முன்னால் இத்தனை அடி போ', 'இடப்பக்கம் இத்தனை டிகிரி திரும்பு' என்ற இரண்டு கட்டளைதான் புரியும். மற்றவர்கள் கட்டளை கொடுத்துத் தரையில் சதுரம் போட வைக்க வேண்டும். 'அப்படியே வளைஞ்சு வா' என்று யாராவது சொல்வார்கள், ஆமை அசையக்கூடாது. சிரிப்பும் சத்தமுமாக இருக்கும், இருக்கட்டும்.

இரண்டாவது வாரம்: ஓட்டுவதற்கு முன் சொல்

ஐடிலில் புதிய ஃபைல் திறந்து இதைத் தட்டச் சொல்லுங்கள்:

ஃப்ரம் டர்ட்டில் இம்போர்ட் *
ஃபார் ஐ இன் ரேஞ்ச்(4):
    ஃபார்வர்டு(100)
    லெஃப்ட்(90)

டர்ட்டில் (ஆமை) என்பது பைத்தானோடு வரும் படம் வரையும் பகுதி, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். தட்டி முடித்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுக்கச் சொல்லி, திரையில் என்ன வரும் என்று நோட்டில் வரைய வையுங்கள். அதற்குப் பிறகுதான் எஃப்5 அழுத்தி ஓட்ட வேண்டும். எனக்குக் கைகொடுத்தது இந்த ஒரு பழக்கம்தான். ஊகம் சரியாக இருந்தால் சந்தோஷம், தப்பாக இருந்தால் அந்த மெஷினில்தான் அன்றைய பாடமே நடக்கும்.

சேமிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஃபைலுக்கு டர்ட்டில் என்றே பெயர் வைத்தால் பைத்தான் அசல் டர்ட்டிலைத் தேடிப் போகாமல் இந்த ஃபைலையே இம்போர்ட் செய்யும், அதில் ஃபார்வர்டு கிடைக்காமல் சிவப்பு எழுத்தில் எரர் காட்டும். நான் அறியாமல் போர்டில் அந்தப் பெயரையே எழுதிப் போட்டு, வகுப்பு முழுக்க எரர் வந்து, அரை மணி நேரம் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். சதுரம்1 என்பது போல வேறு பெயர் வையுங்கள், போதும்.

கடைசி இரண்டு வரி ஏன் உள்ளே தள்ளி இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். விளக்காதீர்கள். லெஃப்ட் வரியை மட்டும் இடது ஓரத்துக்கு இழுத்து, என்ன வரும் என்று ஊகித்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். சதுரம் போய் நீளமாக ஒரே கோடு வரும். எது திரும்பத் திரும்ப நடக்கிறது, எது ஒரே தடவை நடக்கிறது என்பது அந்தக் கோட்டைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

மூன்றாவது வாரம்: முக்கோணம், அப்புறம் கோலம்

முக்கோணம் போடு என்றால் கிட்டத்தட்ட எல்லோரும் ரேஞ்சை 3 என்றும் லெஃப்டை 60 என்றும் மாற்றுவார்கள். கணக்குப் பாடத்தில் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 அல்லவா! ஆனால் திரையில் வருவது மூடாத ஒரு கிண்ணம். போன வருடம் ஒரு பெண் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'சார், இன்னும் மூணு தடவை நடந்தா மூடிரும்' என்றாள். 3-ஐ 6 ஆக்கினோம், அறுகோணம் வந்துவிட்டது. ஆமை திரும்புவது வெளிக்கோணம், சுற்றி வந்தால் மொத்தம் 360, அதனால் முக்கோணத்துக்கு 120. தரையில் மறுபடி சாக்பீஸோடு நடந்து பார்த்தால் சந்தேகமே இருக்காது.

இனி கோலம். சதுரம் போடும் ஃபார் முழுவதையும் இன்னொரு ஃபாருக்குள் தள்ளி, 36 முறை ஓடவிட்டு, ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் லெஃப்ட்(10) கொடுங்கள். ஆமை மெதுவாக வரைகிறது என்று புலம்புவார்கள். மேலே ஸ்பீடு(0) சேர்த்து, என்ன ஆகும் என்று கேளுங்கள். எல்லோரும் 'நின்றுவிடும்' என்பார்கள். டர்ட்டிலில் 0 என்றால்தான் இருப்பதிலேயே அதிக வேகம்.

நான்காவது வாரம்: 3540 மதிப்பெண்

தமிழ் = இன்புட்("தமிழ் மார்க்? ")
கணக்கு = இன்புட்("கணக்கு மார்க்? ")
பிரிண்ட்(தமிழ் + கணக்கு)

முதல் இரண்டு பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும், தமிழில் தட்ட வசதி இருந்தால் செய்யுங்கள். 35-ம் 40-ம் கொடுத்தால் விடை 3540. கைதட்டல் விழும். இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும், எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் பக்கத்தில் ஒட்டும். இன்புட்(...) முழுவதையும் இன்ட்(...) என்பதற்குள் போட்டால் எண்ணாகி 75 வரும். 'முப்பத்தைந்து' என்று எழுத்தில் கொடுத்துப் பார்க்கவும் சொல்லுங்கள். எரர் வந்தால் முதலில் கடைசி வரியைப் படிக்க வேண்டும் என்று அப்போது பழக்கலாம்.

ஐந்தாவது வாரம்: பாஸா ஃபெயிலா

இஃப் கணக்கு > 35:
    பிரிண்ட்("பாஸ்")
எல்ஸ்:
    பிரிண்ட்("ஃபெயில்")

கணக்கு மார்க்கை இன்ட்டுக்குள் போட்டு வாங்கிய பிறகு இந்த வரிகளைச் சேர்க்க வேண்டும். இதை வேண்டுமென்றே தப்பாகக் கொடுக்கிறேன். 80, 20 என்று போட்டுப் பார்த்து 'சரியா இருக்கு சார்' என்பார்கள். பேசாமல் இருங்கள். நம் தேர்வு போர்டில் 35 எடுத்தால் பாஸ் என்பது பின்பெஞ்சுக்கு நன்றாகவே தெரியும், அங்கிருந்து யாராவது சரியாக 35 போட்டுப் பார்த்துவிட்டுக் கத்துவான். போன முறை அப்படிக் கத்தியவனே எழுந்து வந்து, பெரிது குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி சேர்த்துவிட்டு, 34, 35, 36 மூன்றையும் போட்டுக் காட்டிவிட்டுத்தான் போய் உட்கார்ந்தான்.