பழைய டிரம் மாட்யூலில் பேடு மாட்டுவது

பேடைத் தட்டினால் டிரம் சத்தம் தரும் பெட்டிதான் டிரம் மாட்யூல். அலெசிஸ் நிறுவனத்தின் பழைய மாட்யூல்களான டி4, டிஎம்5 இரண்டிலும் 12 டிரிக்கர் உள்ளீடுகள் (பேடின் வயரைச் செருகும் துளைகள்) உண்டு. சாதாரண கால் அங்குல ஜாக்தான். முதலில் அடாப்டரைப் பாருங்கள்: இவற்றுக்கு வேண்டியது 9 வோல்ட் ஏசி. கடையில் சட்டென்று கிடைக்கும் 9 வோல்ட் டிசி ஆகாது.

பேடு நாமே செய்ய, அடியின் அதிர்வை மின்சாரமாக்கும் 27 மி.மீ. பீசோ தட்டு போதும். நடுவில் உள்ள வெள்ளைப் பகுதியிலிருந்து வரும் வயர் பிளக்கின் முனைக்கு, பித்தளையிலிருந்து வருவது கிரவுண்டுக்கு. ஈயம் வைத்ததும் சூட்டுக்கோலை எடுத்துவிடுங்கள். நேரம் கூடினால் பீசோ செத்துவிடும். ஸ்பீக்கர் வயர் வேண்டாம், இரைச்சலை இழுக்கும். கிட்டாருக்குப் போடும் ஷீல்டு கேபிள்தான் சரி.

இனி மாட்யூலின் செட்டிங். பலமான அடியில் அளவு உச்சத்தைத் தொடும்படி கெயினை (அடியை உணரும் திறன்) வையுங்கள். ஒரே அடிக்கு இரண்டு சத்தம் வந்தால் டீகேயை (ஒரு அடிக்குப் பின் அடுத்ததை ஏற்காமல் இருக்கும் நேரம்) கொஞ்சம் கூட்டலாம். மிதமிஞ்சினால் வேகமான உருட்டல்களை விழுங்கிவிடும். ஸ்னேர் பேடைத் தட்ட, தொடாத டாம் பேடின் சத்தமும் வந்தால், அதைத் தடுக்கும் கிராஸ்டாக் செட்டிங்கைத் தொடுமுன் பேடுக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே ரப்பர் வைத்துப் பாருங்கள். பாதித் தொல்லை அதிர்வுதான்.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் ஜாக் பச்சை பூத்துவிடும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் செட்டிங்கை மாற்றாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, கான்டாக்ட் கிளீனர் தெளித்து, பிளக்கைப் பலமுறை செருகி எடுங்கள்.