புதிய செயலியைத் தொடங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மென்பொருள் பழகும் தம்பி, தங்கைகள் பாதி வேலை முடிந்த பிறகுதான் யோசனை கேட்டு வருகிறார்கள். முன்பு நாங்கள் விழுந்த குழிகளிலேயே அவர்களும் விழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இப்படியொன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை விடுகிறேன்.

தகவலை நாளாந்தம் யார் பதிவது என்று கேட்காமல் தொடங்குவது

இதை இன்னும் என்னால் சகிக்க முடியவில்லை. இரண்டு இளைஞர்கள் மீன் விலைச் செயலி செய்தார்கள். பாரை, அறக்குளா, சூரை அன்றைக்குக் கரையில் என்ன விலைக்குப் போகிறது என்று ஊருக்கெல்லாம் காட்டுவது திட்டம். தமிழிலும் சிங்களத்திலும் திரைகள், வரைபடம், விலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கோட்டுப்படம், எல்லாம் நேர்த்தி. கேட்டவர்களெல்லாம் "நல்ல விசயம் தம்பி, செய்யுங்கோ" என்றார்கள். எங்கள் ஊரில் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று யார் சொல்வார்? அதை நம்பி மாதக்கணக்கில் உழைத்தார்கள்.

விடியற்காலையில் அவர்களோடு கரைக்குப் போனேன். வள்ளம் ஒதுங்கியது, மீனைக் கொட்டினார்கள், ஏலம் கூறினார்கள், கண்மூடித் திறப்பதற்குள் மீன் கைமாறியது. வாங்கிய வியாபாரி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கொழும்புக்கு விலை சொன்னபடியே ஐஸ் அள்ளிப் போட்டார். செதில் ஒட்டிய அந்த விரலால் செயலியைத் திறந்து, மீன் வகையைத் தேடி, கிலோ விலையைத் தட்ட அவருக்கு என்ன தலையெழுத்து? தட்டினால், தான் வாங்கிய விலையைப் பக்கத்து வியாபாரிக்குக் காட்டிக்கொடுத்ததுதான் மிச்சம்.

ஒரு வரி நிரல்கூட எழுத முன்னம் ஒரு வட்ஸ்அப் குழுவைத் தொடங்குங்கள். இரண்டு கிழமைக்கு விலையை நீங்களே கேட்டுக் காலையில் போடுங்கள். பிறகு ஒருநாள் வேண்டுமென்றே போடாமல் இருங்கள். "இண்டைக்கு ஏன் விலை வரேல்லை?" என்று யாராவது கேட்டால் திட்டத்துக்கு உயிர் இருக்கிறது. ஒருவரும் கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். உங்களுக்கே அலுத்துப்போனால், அதுவும் பதில்தான்.

நிரலில் யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கருவியான 'கிட்' (Git) இதற்கு நேர்மாறு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை (kernel) எழுதுவோர் அதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமம் 2005இல் கைவிட்டுப் போனது. அந்த ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். ஜூனில் லினக்ஸ் கருவின் 2.6.12 பதிப்பு அதைக் கொண்டே வெளிவந்தது. பதிய வேண்டிய மாற்றங்களும் பதியும் ஆட்களும் முதல் நாளே வாசலில் நின்றார்கள்.

எந்த நிரல்மொழி என்ற வாக்குவாதம்

பிறகு பார்க்கலாம்.

பழகுவதற்காகச் செய்வதை ஊர்சேவை என்று சொல்வது

பழக எதையும் தொடங்கலாம். மற்றவர் தலையில் கட்டாதீர்கள்.

பின்னால் வரும் செலவு

கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 டொலர். ஆப்பிளுக்கு வருடாவருடம் 99 டொலர். அன்ட்ரொய்டின் புதிய பதிப்புகளுக்கு ஏற்பச் செயலியைத் திருத்திக்கொண்டேயிருக்க வேண்டும். வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போன பிறகு அதை யார் பார்ப்பது? பெயர் சொல்லுங்கள்.

பருவத்தை மறப்பது

நிலாவெளி விடுதிகளுக்கான செயலியை ஜூலையில் காட்டினால் எல்லோருக்கும் பிடிக்கும், அறைகள் நிரம்பியிருக்கும் காலம் அது. வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து அறைகள் வெறுமையாகக் கிடக்கும் மார்கழியில் போய், மாதக் கட்டணம் கட்டுவீர்களா என்று விடுதிக்காரரைக் கேளுங்கள்.