வங்கியில் பணம் இருக்கிறது, சம்பளம் போட முடியவில்லை: தொண்டு நிறுவன நிதி மாதிரி போடுவது எப்படி?

எங்கள் தொண்டு நிறுவனக் கணக்கில் 9 லட்சம் இருந்த மாதத்தில்தான் சம்பளம் போட வழியில்லாமல் முழித்தோம். அதில் 8.2 லட்சம் ஒரே திட்டத்துக்காக வந்த மானியம். வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. நான் போட்ட நிதி மாதிரியில் (வரும் மாதங்களின் வரவு செலவை முன்கூட்டியே கணக்கிடும் ஷீட்) இருப்புக்கு ஒரே வரிசை, அதனால் பள்ளம் கண்ணில் படவில்லை.

1. ஒரு ஷீட்டில் அனுமானங்கள், இன்னொன்றில் மாதவாரி வரவு செலவு. சம்பளம், வாடகை போன்ற எண்கள் முதல் ஷீட்டில் மட்டும், நீல எழுத்தில். ஃபார்முலாக்கள் கறுப்பில். குழுவாகப் பார்ப்பதற்கு கூகுள் ஷீட்ஸ் போதும். இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளோடு மல்லுக்கட்டாதீர்கள், பெரும்பாலும் அவை லாபம் பார்க்கும் தொழிலுக்கானவை.

2. குறுக்கே 12 மாதங்கள். விற்பனை வருமானம் இருந்தால் எண்ணிக்கை × விலை. பில் போட்ட மாதத்தில் அல்ல, பணம் கைக்கு வரும் மாதத்தில் எழுதுங்கள்.

3. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஒவ்வொரு வரவு, செலவுக்கும் பக்கத்தில் ஒரு குறி: நிபந்தனை நிதிக்கு (குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டும் செலவிட வேண்டிய பணம்) 'நி', பொது நிதிக்கு 'பொ'. சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா குறிவாரியாகப் பிரித்துக் கூட்டிவிடும். ஆரம்ப இருப்பு + வரவு − செலவு = இறுதி இருப்பு; இதை இரண்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டையும் கூட்டினால் வங்கி இருப்பு வரவேண்டும். வராவிட்டால் எங்கோ குறி விட்டுப்போயிருக்கிறது. பொது இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால் கட்டம் சிவப்பாக மாறட்டும்.

மேலாளர் சம்பளம் போல திட்டத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் பொதுவான செலவுகளை ஒரே குறியில் தள்ளாதீர்கள். 1 லட்சம் சம்பளத்தில் 30% நேரம் திட்டத்துக்குப் போனால், மானிய ஒப்பந்தம் அனுமதிக்கிற பட்சத்தில், 30,000 'நி', 70,000 'பொ' என்று இரண்டு வரியாக எழுதுங்கள்.

4. இன்னும் உறுதியாகாத மானியங்களுக்கு அனுமான ஷீட்டில் 1 (வரும்) அல்லது 0 (வராது) என்று ஒரு சுவிட்ச். எல்லாவற்றுக்கும் 0 போட்டால் எத்தனை மாதம் ஓடும் என்று முதலில் பாருங்கள்.

பின்சேர்க்கை: "10 லட்சம் கிடைக்க 60% வாய்ப்பு என்றால் 6 லட்சம் என்று போடலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பணப்புழக்கத்தில் வேண்டாம். வந்தால் 10, வராவிட்டால் 0. 6 என்று ஒருநாளும் வராது.

இன்னொருவருக்குச் செலவு செய்த பிறகே மானியம் வருகிறதாம். அப்போது 'நி' இருப்பு மைனஸில் போகும், அதைத் தாங்குவது பொது நிதிதான். இரண்டு மானியங்கள் இருந்தால் ஒன்றின் மீதி மற்றதன் மைனஸை மறைத்துவிடும். அதனால் நி1, நி2 என்று மானியத்துக்கு ஒரு குறி வையுங்கள். நானும் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன்.